செத்தவன் ஏறும் பனை

ஐந்தாம் அத்தியாயம்

மயில்சாமி நாலாவது ஆப்பத்தைப் பிய்த்துத் தேங்காய்ப்பாலில் தோய்த்தபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த துப்பறியும் சரவணமுத்து ஒரு பிணத்தின் கால்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அதனால் மயில்சாமியின் பசி குறைந்துவிடவில்லை. சூரமங்கலத்தில் அவரிடம் உதவியாளாகச் சேர்ந்த நாள் முதல் அவன் பார்த்த பிணங்களுக்குக் கணக்கில்லை. நல்ல ஆப்பத்தைப் பார்த்த நாட்கள்தான் குறைவு.

சேந்தமங்கலத்து முகாம் பங்களா வராந்தாவில் கொல்லிமலைக் காற்று சுகமாக வீசியது. விருந்து கொடுத்தவர் மதுவிலக்கு ஆபீசர் கந்தவேல். சேலம் ஜில்லாவில் கள்ளுக்கடைகளைச் சர்க்கார் இழுத்து மூடி ஆறு மாதம் ஆகியிருந்தது. மூடிய பிறகு எவனாவது பனை ஏறிக் கள் இறக்குகிறானா என்று பார்ப்பதுதான் அவருடைய உத்தியோகம். வெள்ளை வேஷ்டியும் திருநீறுமாகப் பார்க்கிறவர்கள் கும்பிடும்படி இருந்தார்.

ஆப்பம் பஞ்சாகப் பொங்கியிருந்தது. அதிலிருந்து எழுந்த லேசான புளிப்பு வாசனை மயில்சாமிக்கு மிகவும் வேண்டப்பட்ட வாசனை. ஆறு மாதமாக அவன் ஏங்கிக் கிடந்த வாசனையும்கூட. பரிமாறிய தெற்கத்திச் சமையற்காரரைப் பார்த்து அவன் கண்ணடித்தான். அவர் முகம் வெளிறி, ஐந்தாவது ஆப்பத்தைக் கேட்காமலே இலையில் போட்டுவிட்டு உள்ளே போனார். பாவம், பிழைக்கத் தெரிந்த மனுஷன் என்று மயில்சாமி நினைத்துக்கொண்டான்.

"மாரியப்பன் போதையில் பனை ஏறி விழுந்து செத்தான் என்று ஏழுபனைப்புதூர் பஞ்சாயத்துக் கமிட்டித் தலைவர் பச்சமுத்து சொல்கிறார்," என்றார் சரவணமுத்து. "பொய். பிணத்தைத் தூக்கிய கான்ஸ்டபிளைக் கேட்டேன். காலில் தளைநார் இல்லை."

"அது என்ன நார்?" என்றார் ஆபீசர்.

"பனையேறி இரண்டு பாதங்களையும் சேர்த்து மாட்டிக்கொள்கிற நார் வளையம். அது இல்லாமல் ஓர் ஆள் உயரம்கூட ஏற முடியாது. எவ்வளவு குடித்திருந்தாலும் அதை மாட்டாமல் மரத்தைத் தொடமாட்டான். மாரியப்பனை வேறெங்கோ அடித்துக் கொன்று மரத்தடியில் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். போட்டவர்கள் பனை ஏறி அறியாதவர்கள். அந்த ஒரு பிழைதான் எனக்குக் கிடைத்த துப்பு. நார் மட்டும் இருந்திருந்தால், விபத்து என்று நானே கையெழுத்துப் போட்டிருப்பேன்."

கந்தவேல் காபித் தம்ளரைக் கீழே வைத்து அவரை மெச்சிப் பார்த்தார். "பிரமாதம். எனக்கு இது தோன்றவே இல்லை. பாருங்கள், மிஸ்டர் சரவணமுத்து, அந்த ஊர் ஜனங்கள் போலீஸை நம்பமாட்டார்கள். தலைவரை நம்பமாட்டார்கள். சர்க்கார் ஆள் என்று என்னையும் நம்பமாட்டார்கள். அதனால்தான் வெளியாளான உங்களைக் கூப்பிட்டேன். எனக்கு வேண்டியது பார்த்ததைச் சொல்லத் துணிந்த ஓர் ஆள். கிடைத்தால் உடனே என் காரிலேயே அனுப்பிவிடுங்கள். அவன் பாதுகாப்பு என் பொறுப்பு."

சரவணமுத்துவின் முகம் மலர்ந்தது. நேர்மையான அதிகாரியைப் பார்த்துவிட்டால் அவர் குழந்தையாகிவிடுவார். அது அவருடைய பலவீனம்.

ஆபீசரின் காரிலேயே ஏழுபனைப்புதூர் போனார்கள். வழி நெடுகக் கள் இறக்காத பனைகள் ஈயாடாமல் நின்றன. டிரைவர் வாயே திறக்கவில்லை. காது மட்டும் பின்பக்கமே இருந்தது.

மாரியப்பன் கிடந்த மரம், தலைவர் பச்சமுத்து குத்தகைக்கு எடுத்திருந்த தோப்பின் நடுவில் இருந்தது. சரவணமுத்து மரத்தைச் சுற்றி வந்தார். மயில்சாமி அண்ணாந்து பார்த்தான். அவன் மூக்கின் மேல் ஒரு சொட்டு விழுந்தது. துடைப்பதற்குப் பதிலாக நாக்கை நீட்டி எடுத்துக்கொண்டான்.

"ஏனுங்கண்ணா," என்றான் மெதுவாக. "இந்த மரம் கள்ளு கக்குதுங்க."

"தெளுவாக இருக்கும், புளிக்காத பதநீர். அதற்குச் சர்க்கார் அனுமதி உண்டே."

"தெளுவுன்னா கலயத்துல சுண்ணாம்பு தடவியிருப்பாங்க, சாறு புளிக்காது. இது சுண்ணாம்பு காணாத கலயமுங்க. நிறைஞ்சு வழியுது. என்ற நாக்கு எந்தக் கோர்ட்டுல வேணும்னாலும் சாட்சி சொல்லும்."

சரவணமுத்து குனிந்து மரத்தடியில் கிடந்த பாளைச் சீவல் ஒன்றை எடுத்தார். வெள்ளை வெளேரென்று ஈரமாக இருந்தது. விரலால் நசுக்கினார், பால் வந்தது.

"மயிலு, பாளையைத் தினமும் சீவாவிட்டால் என்ன ஆகும்?"

"காஞ்சு வாயை மூடிக்குமுங்க. அப்புறம் சொட்டுக்கூட வராது."

"மாரியப்பன் செத்து ஒரு வாரம் ஆகிறது. இந்த மரத்தைத் திருட்டுத்தனமாகச் சீவியவன் அவன்தான் என்கிறார் தலைவர். அப்படியானால் இன்று காலையில் சீவியது யார்?"

"செத்தும் தொழிலை உடாத மனுஷனா இருப்பாருங்க."

சரவணமுத்து சிரிக்கவில்லை. "இதை ஏறுகிறவனைக் கண்டுபிடித்தால் போதும். ஏறச் சொன்னவன் யார் என்று அவன் சொல்லிவிடுவான். ஊருக்குள் வா."

ஊருக்குள் போனது வீண் வேலை போலத்தான் தெரிந்தது. புளியமரத்தடியில் பத்துப் பன்னிரண்டு ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஆறு மாதத்துக்கு முன்வரை எல்லாரும் பனையேறிகள். இப்போது கூலிக்குக் கிணறு வெட்டப் போகிறவர்கள், அதுவும் கிடைத்த நாளில். காரைப் பார்த்ததும் பேச்சு நின்றது.

"மாரியப்பனைப் பற்றிக் கேட்கவேண்டும்," என்றார் சரவணமுத்து.

"எந்த மாரியப்பனுங்க?" என்றார் ஒரு பெரியவர்.

"போன வாரம் செத்தவன்."

"செத்துட்டாருங்களா?" என்று பெரியவர் பக்கத்திலிருந்தவரைக் கேட்டார். "நமக்குத் தெரியாமப் போச்சே."

"பயப்படாமல் சொல்லுங்கள். உங்கள் தலைவர் எப்படி?"

"தலைவரு நல்ல தலைவருங்க. சர்க்காரு நல்ல சர்க்காருங்க. நாங்கதானுங்க கெட்டவங்க, எதுக்கெடுத்தாலும் செத்துப்போயிர்றோம்."

யாரும் சிரிக்கவில்லை. மயில்சாமிக்கு மட்டும் அந்தப் பெரியவரைத் தன் குருவாக ஏற்றுக்கொள்ளலாம் போலிருந்தது. சரவணமுத்து மேலும் ஏதோ கேட்டுப் பார்த்தார். கேட்கக் கேட்க முகங்கள் கதவு மாதிரி ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. கடைசியில் அவர் விடைபெற்றுக்கொண்டு நடந்தார்.

"வெறுங்கையோட போறோமுங்களா?" என்றான் மயில்சாமி.

"பங்குனி மாத வெயில். இங்கே எத்தனை பேர் சட்டை போட்டிருக்கிறார்கள்?"

மயில்சாமி திரும்பிப் பார்த்தான். எல்லார் மார்பும் திறந்து கிடந்தது. கடைசியில் உட்கார்ந்திருந்த ஒருவன் மட்டும் முழுக்கைச் சட்டையைக் கழுத்துப் பொத்தான் வரை போட்டுக்கொண்டு வேர்வையில் ஊறிக்கொண்டிருந்தான். சட்டை அவனுக்கு ஓர் அளவு பெரியது.

"மாப்பிள்ளை பார்க்க வந்திருக்காங்கன்னு நெனச்சுட்டாருங்களோ?"

"பனையைக் கட்டிக்கொண்டு ஏறுகிறவனுக்கு மார்பு காய்த்துப்போயிருக்கும். ஆறு மாதம் ஏறாவிட்டால் அந்தக் காய்ப்பு உரிந்து தோல் மெத்தென்று ஆகிவிடும். மறுபடி ஏறினால் மார்பெல்லாம் கிழியும். மற்றவர்களுக்குக் கிழியவில்லை, அதனால் மறைக்கவும் இல்லை. அவன் வீடு எது என்று மட்டும் கேட்டு வா."

அவன் பெயர் செங்கோடன். செத்துப்போன மாரியப்பனின் கூடப்பிறந்த தம்பி. சட்டை அண்ணனுடையது.

ஊர்க்கோடியில் ஒற்றைக் குடிசை. செங்கோடன் அதற்குள் வீடு திரும்பியிருந்தான். உள்ளே அவன் மனைவி அத்தாயி ராகி அரைத்துக்கொண்டிருந்தாள். வந்தவர்களைப் பார்த்ததும் திரிகையை நிறுத்தினாளே தவிர எழுந்திருக்கவில்லை. சரவணமுத்து ஒரே வார்த்தைதான் சொன்னார்: "சட்டையைக் கழற்று, செங்கோடா."

அவன் கழற்றினான். மார்பிலும் முன்கைகளிலும் சிவந்த வரிகள், சில இடங்களில் சீழ். மயில்சாமி வாயில் வந்த வேடிக்கையை விழுங்கிக்கொண்டான்.

"நானா ஏறலீங்க," என்றான் செங்கோடன். "தலைவரோட ஆளு வந்து, அண்ணன் ஏறுன மரமெல்லாம் இனி நீ ஏறோணும், இல்லீன்னா திருட்டுக் கள்ளுன்னு உன்னையே புடிச்சுக் குடுத்துருவோம்னு சொன்னானுங்க. சாயங்காலம் கலயத்தை எறக்கி வெச்சா, சைக்கிள்ல ஒரு ஆளு வந்து எடுத்துட்டுப் போயிருவானுங்க."

"அண்ணனைக் கொன்றது யார்? நீ பார்த்தாயா?"

அத்தாயி திரிகைக் கட்டையை இறுகப் பிடித்தாள். "அவரு எதையும் பாக்கலீங்க."

"பார்த்தேனுங்க," என்றான் செங்கோடன். "அண்ணனுக்கு இந்தத் திருட்டுப் பொழப்பு புடிக்கலீங்க. நம்ம வாயில மண்ணப் போட்டுட்டு இவனுகளே கள்ளு விக்கறானுகளேன்னு, சர்க்காருக்குச் சொல்லோணும்னு சேந்தமங்கலம் போச்சுங்க. சொல்லிட்டு சந்தோசமா வந்துச்சு. அடுத்த நா விடியறப்ப தலைவரோட ஆளுக ரெண்டு பேரு அண்ணனைத் தோப்புக்குள்ள இழுத்துட்டுப் போறதப் பாத்தேனுங்க. அப்பவே உசுரு இல்லீங்க. நாம் பாத்தது அவங்களுக்குத் தெரியாதுங்க."

"சேந்தமங்கலத்தில் யாரிடம் சொன்னான்?"

"அது சொல்லலீங்க. சர்க்காருன்னுதான் சொல்லுச்சு."

"ஸ்டேஷனில் போய்ச் சொல்லியிருப்பான்," என்றார் சரவணமுத்து மயில்சாமியிடம். "அங்கே தலைவரின் கையாள் எவனோ இருக்கிறான்." பிறகு செங்கோடன் பக்கம் திரும்பினார். "இதை அப்படியே வந்து ஆபீசரிடம் சொல். தலைவரும் அவர் ஆட்களும் நாளைக்கே ஜெயிலில் இருப்பார்கள்."

"சர்க்காருகிட்டச் சொல்லித்தானுங்க இவரு அண்ணன் செத்தாரு," என்றாள் அத்தாயி.

"இவர் வேறு மாதிரி ஆபீசர், அம்மா. அவரே கேட்டு என்னை அனுப்பியிருக்கிறார்."

"எல்லாரும் வேற மாதிரின்னு சொல்லித்தானுங்க வாராங்க. தலைவரும் ஓட்டுக் கேக்கறப்ப இந்த எடத்துலதான் உக்காந்து எங்கூட்டுக் களியத் தின்னாரு."

"நான் ஓட்டுக் கேட்க வரவில்லை. உன் புருஷன் உயிருக்கு நான் ஜவாப்தாரி. கையடித்துச் சத்தியம் செய்கிறேன்." சரவணமுத்து கையை நீட்டிச் செங்கோடனின் கையில் ஓங்கி அடித்தார்.

"உங்க கை சேலத்துக்குப் போயிருமுங்க," என்றாள் அத்தாயி. "அவரு இங்கதான இருக்கோணும்."

செங்கோடன் அடி வாங்கிய கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சட்டையை மடித்து அவள் பக்கத்தில் வைத்துவிட்டு, துண்டை மட்டும் எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான். "இனி எதுக்கு மறைக்கறது," என்று அவளிடம் சொன்னான். "பொழுதோட வந்துருவேன்."

கலயத்தை எடுக்க வரும் சைக்கிள்காரனையும் கையோடு பிடித்துவிட வேண்டும் என்பது சரவணமுத்துவின் திட்டம். அதனால் அவரும் மயில்சாமியும் தங்கிவிட்டு, செங்கோடனை மட்டும் காரில் ஏற்றி அனுப்பினார்கள். வாழ்நாளில் முதல் தடவை காரில் ஏறியவன் மெத்தையைத் தொட்டுப் பார்த்துவிட்டு நுனியில் உட்கார்ந்தான். டிரைவர் திட்டத்தைக் கேட்டுக்கொண்டு காரைக் கிளப்பினான்.

இருவரும் தோப்பில் பதுங்கிக் காத்திருந்தார்கள். பொழுது சாய்ந்தது. மேலே கலயம் வழிந்துகொண்டே இருந்தது. சைக்கிள் வரவில்லை.

"தினம் வருகிறவன் இன்று ஏன் வரவில்லை?" என்றார் சரவணமுத்து. "நாம் இங்கே காத்திருப்பது யாருக்குத் தெரியும்?"

"நமக்குத் தெரியும். செங்கோடனுக்குத் தெரியும்."

"அப்புறம்?"

மயில்சாமி பதில் சொல்ல வாயைத் திறந்தான். அந்த நேரம் காற்று திரும்பி, மரத்திலிருந்து கள் வாசனையை அவன் முகத்தில் கொண்டுவந்து போட்டது. காலையில் ஆப்பத்தின் மேல் குனிந்தபோது வந்த அதே வாசனை. சமையற்காரரின் வெளிறிய முகம் ஞாபகத்துக்கு வந்தது.

"அண்ணா," என்றான். "காத்தால ஆபீசர் பங்களாவுல தின்ன ஆப்பம். மாவுல கள்ளு ஊத்திப் பொங்க வெச்சதுங்க."

சரவணமுத்து திரும்பினார்.

"தெக்கத்திக்காரங்க அப்படித்தான் செய்வாங்க. கள்ளு ஊத்தாம அந்த மெத்து வராதுங்க. சமையற்காரன் எங்கியோ ஒளிச்சு வாங்கறான்னு நெனச்சேன். பாவம்னு சொல்லாம உட்டுட்டேன். இன்னும் ரெண்டு போடுவான்னு ஒரு ஆசையும் இருந்துச்சுங்க."

"ஜில்லா முழுவதும் கள்ளைப் பிடிக்கிற ஆபீசர் வீட்டில் சமையற்காரன் கள்ளை எங்கே ஒளித்து வாங்குவான்?" என்றார் சரவணமுத்து. "கலயம் வீட்டுக்கே வருகிறது. சைக்கிள் அங்கேதான் போகிறது. மாரியப்பன் ஸ்டேஷனுக்குப் போகவில்லை. காரும் திருநீறுமாக இருந்தவரைப் பார்த்து, இவர்தான் சர்க்கார் என்று அவரிடமே போய்ச் சொல்லியிருக்கிறான்."

"அப்புறம் எதுக்குங்க நம்மளக் கூப்பிட்டாரு? கொன்னது ஆருன்னு அவருக்குத்தான் தெரியுமே."

"கொன்றவனைக் கண்டுபிடிக்க அவர் என்னைக் கூப்பிடவில்லை, மயிலு. பார்த்தவனைக் கண்டுபிடிக்கக் கூப்பிட்டார். இந்த ஊர் எவனிடமும் பேசாது என்று அவருக்குத் தெரியும். பேச வைக்க நம்பிக்கையான ஒரு முகம் வேண்டியிருந்தது."

இரண்டு பேரும் ஓடினார்கள். பாதி வழியில் கிடைத்த மாட்டு வண்டிக்காரனைக் கெஞ்சி ஏறி, பங்களாவை அடைந்தபோது விளக்கு வைத்திருந்தார்கள். கார் வாசலில் நின்றது. பின் மெத்தையில் யாரும் இல்லை.

கந்தவேல் வராந்தாவில் சாய்வு நாற்காலியில் இருந்தார். "உங்கள் சாட்சியா? வரவில்லையே. வழியில் சிறுநீர் கழிக்க வேண்டும் என்று இறங்கியவன் காட்டுக்குள் ஓடிவிட்டானாம். டிரைவர் எவ்வளவோ தேடினானாம். இந்த ஜனங்களை நம்பவே முடியாது, மிஸ்டர் சரவணமுத்து." சிறிது நிறுத்திக் கேட்டார்: "வேறு யாராவது பேசினார்களா?"

"இல்லை," என்றார் சரவணமுத்து. பிறகு, "இந்தப் பங்களாவில் கள் இருக்கிறது," என்றார்.

"சமையல் அறையைத் தாராளமாகப் பாருங்கள். காலையில் தின்று தீர்ந்துவிட்டது என்று நினைக்கிறேன். உங்கள் உதவியாளருக்கு நல்ல பசி."

மயில்சாமி போய்ப் பார்த்தான். ஆப்பச்சட்டி தேய்த்துக் கவிழ்த்திருந்தது. சமையற்காரரைக் காணோம். அந்த வீட்டின் ஒரே அத்தாட்சி இப்போது தன் வயிற்றில் இருக்கிறது என்பது அவனுக்கு உறைத்தது. இதை வேறு யாராவது தின்றிருந்தால் அவன் நாள் முழுவதும் சொல்லிச் சிரித்திருப்பான்.

மறுநாள் விடிந்ததும் செங்கோடன் கிடைத்தான். அதே தோப்பு, அதே பனை, அண்ணன் கிடந்த அதே இடம். பக்கத்தில் கலயம் உடைந்து கிடந்தது. வாயில் கள் ஊற்றியிருந்தார்கள், ஈ மொய்த்தது. இரண்டு பாதங்களிலும் தளைநார் மாட்டியிருந்தது. முறையாக, இறுக்கமாக, குதிகாலுக்கு எவ்வளவு மேலே இருக்கவேண்டுமோ அவ்வளவு மேலே.

சரவணமுத்து அந்த நாரையே பார்த்துக்கொண்டு நின்றார். கொலைகாரர்களுக்குத் தெரியாமல் இருந்தது அது ஒன்றுதான். நேற்றுக் காலை ஆப்பத்துக்கும் காபிக்கும் நடுவில் அவர்தான் அதைச் சொல்லிக்கொடுத்தார்.

ஊர் முழுவதும் கூடியிருந்தது. தலைவர் பச்சமுத்து குடியின் தீமையைப் பற்றித் தொண்டை கரகரக்கப் பேசி முடித்தார். ஆபீசர் கந்தவேல் குனிந்து பிணத்தின் காலைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "நார் இருக்கிறது," என்றார், எல்லாருக்கும் கேட்கும்படி. "நார் இருந்தால் விபத்துதான் என்று சொன்னவர் மிஸ்டர் சரவணமுத்து. பெரிய துப்பறிகிறவர். அவரே கையெழுத்துப் போடுவார்."

"இது கொலை," என்றார் சரவணமுத்து. "இவனைக் கொன்றுவிட்டார்கள். நேற்று என்னிடம் எல்லாம் சொன்னான். உங்களில் யாருக்காவது..."

அவர் முடிக்கவில்லை. அவருக்குப் பக்கத்தில் நின்றவர்கள் இரண்டடி தள்ளி நின்றார்கள். நேற்று வேடிக்கையாகப் பேசிய பெரியவர் துண்டால் வாயை மூடிக்கொண்டு தரையைப் பார்த்தார்.

அத்தாயி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். அழவில்லை. கையில் மடித்த சட்டை இருந்தது. அதை உதறிச் செங்கோடனின் கிழிந்த மார்பின் மேல் போட்டு, கழுத்துப் பொத்தானை மாட்டினாள். அது முடிந்ததும் எழுந்து சரவணமுத்துவிடம் வந்தாள். அவர் சத்தியம் செய்த வலது கையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். மயில்சாமி வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

"இன்னும் ஆராச்சும் பேசோணுங்களா, சாமி?" என்று மரியாதையாகக் கேட்டாள்.